வெளிச்சம் வராத ஜெட்

ஊதினால் காற்று போகிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஓட்டை இருட்டாக இருக்கிறது. காற்று போகிற வழியில் வெளிச்சம் மட்டும் ஏன் போகாது என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காத எதுவும் அவனுக்கு எரிச்சல்தான் தரும்.

சுண்டுவிரல் நகத்தளவு பித்தளைத் துண்டு அது. மெயின் ஜெட் என்பார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குள் திருகி வைத்திருப்பார்கள். அதன் நடுவில் ஊசி முனை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வேகம் எடுக்கும்போது இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். ஓட்டையின் அளவைத் தலையிலேயே எண்ணாகப் பொறித்திருப்பார்கள். இதில் 98 என்று இருந்தது. எண்ணைப் படிக்க முடிந்தது, பக்கத்திலிருந்த கீறலைக்கூடப் பார்க்க முடிந்தது. ஓட்டை மட்டும் கறுப்பு.

கண்ணில் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பதினாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பது அவன் வேலை. கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் போதும், மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற கீறலை வெறும் கண்ணால் சொல்லிவிடுவான். கடையில் அவனுக்கு ‘லென்ஸ்’ என்றே பெயர். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஓட்டைக்கு முன்னால் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அரைமணி நேரமாக நிற்கிறான்.

கிழிசல் துணியில் துடைத்தான். சிறு கிண்ணத்துப் பெட்ரோலில் முக்கி எடுத்தான். மறுபடி உதட்டில் வைத்து ஊதினான். காற்று தாராளமாகப் போனது. டியூப்லைட்டை நோக்கித் தூக்கினான். இருட்டு.

“சனியன் பிடிச்ச வண்டி, உயிரை வாங்குது” என்றான், கேட்க யாரும் இல்லாத அறையில்.

இந்தப் பழைய பைக்கை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு அவன் மனைவி முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். எட்டு வருடம் தற்காலிக நர்ஸாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய பிறகு இப்போதுதான் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. முதல் நாள் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று உத்தரவிலேயே தெளிவாக எழுதியிருந்தது. அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வண்டி ஓட்ட அவளுக்கு நன்றாகத் தெரியும், இவனைவிட நன்றாகவே தெரியும். ஓடுகிற வண்டிதான் இல்லை. “வண்டி என் பொறுப்பு, நீ ட்ரெஸ்ஸ தேச்சு வை” என்று அன்றைக்கு வாயைக் கொடுத்தவன் அவன்தான்.

கொடுத்த வாயைத் திரும்ப வாங்கவும் மனம் வரவில்லை. அவளுடைய தம்பி பக்கத்து ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஒரு போன் போட்டால் அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் மச்சானிடம் போய் நிற்பதா? “மாமா, லென்ஸ் வேற ஜெட் வேற மாமா” என்று அவன் சிரிக்கிற சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. மூன்று வாரமாக வேலை முடிந்து வந்து, சோற்றைத் தின்று, கீழே இறங்கி இந்த அறைக்குள் உட்கார்ந்ததுதான் மிச்சம். வண்டி ஸ்டார்ட் ஆகும். நூறு எண்ணுவதற்குள் இருமும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் இழுத்து, ஒரு குலுக்கலோடு நின்றுவிடும்.

அறை என்றால் வீட்டுக்கு நேர் கீழே இருந்த பழைய கடையறை. மூன்று பக்கமும் சுவர். முன்னால் ஒரு இரும்பு ஷட்டர், அதுதான் வாசல், அதுதான் ஜன்னல். வெளியே காலையிலிருந்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் உள்ளே அடித்து, மேசையில் பிரித்து வைத்த சாமான்களை நனைத்ததால் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கி வைத்திருந்தான். பெட்ரோல், கிரீஸ், ஈரச் சாக்கு, அடியில் எங்கேயோ பழைய புகை என்று நாற்றம் அடுக்கடுக்காக நின்றது. மதியம் மூன்று மணிக்கே விளக்கு இல்லாமல் கை தெரியவில்லை.

மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. மாடித் தளம் அவ்வளவு மெல்லியது. குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் “என்ன ஆச்சு?” என்று அர்த்தம். இவன் ஹாரனை இரண்டு முறை சின்னதாக அடித்தால் “எல்லாம் சரி”. ஒரே முறை நீளமாக அடித்தால் “கீழே வா”. கல்யாணமான புதிதில் பழைய ஸ்கூட்டரில் தொடங்கிய பழக்கம் இது. வண்டி மாறியும் பழக்கம் மாறவில்லை.

டக் டக் என்று தட்டினாள். அவன் ஹாரனை நீளமாக அழுத்தினான்.

குடையை மடக்கிக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தாள். கையில் டீ டம்ளர்.

“இன்னும் முடியலையா?”

“முடிஞ்சிருந்தா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்? இதைப் பாரு. உனக்கு வெளிச்சம் தெரியுதா?”

அவள் ஜெட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு மற்றக் கண்ணை மூடினாள்.

“இருட்டா இருக்கு. அடைச்சிருக்கும்.”

“ஊதினா காத்து போகுதே. ஊதிப் பாரு.”

“கண்டவங்க வாயில வச்சதை நான் வாயில வைக்கணுமா? ஆளை விடுங்க.” மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள். “என்னங்க இது, இப்படி ஒரு வாசனை?”

“பெட்ரோல்.”

“பெட்ரோல் எனக்குத் தெரியாதா? இது வேற. வார்டுல நெனவில்லாமக் கிடக்கறவங்க ராத்திரி பூரா வாயத் தொறந்தே மூச்சு விடுவாங்க பாருங்க, விடியக்காலைல கிட்ட போனா அடிக்குமே. அந்த மாதிரி.”

“உனக்கு எல்லாத்துலயும் வார்டுதான்.”

“சரி, கோவப்படாதீங்க. தம்பிக்கு ஒரு போன் போடட்டுமா? மழையானாலும் வந்துடுவான்.”

“நான் செத்துட்டேன்னா அவனுக்குப் போன் போடு” என்றான்.

அவள் டீயை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் குடையை விரித்தாள். சொன்ன பிறகு அவனுக்கே வாய் கசந்தது. ஆனால் கூப்பிட்டு சமாதானம் சொல்ல வீம்பு விடவில்லை. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் ஏறி மறைந்தது.

கடையில் வாங்கி வைத்த புது ஜெட்டுகள் இரண்டு இருந்தன. 102, 105. பொட்டலத்தைப் பிரித்து 102-ஐ விளக்குக்கு நேரே தூக்கினான். நடுவில் நட்சத்திரம்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. 105-இலும் அப்படியே. அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. 98-ஐ டப்பா மூடியில் போட்டுவிட்டு, 102-ஐத் திருகி, கிண்ணத்தை மூடி, நான்கு திருகாணியையும் இறுக்கி, பெட்ரோலைத் திறந்து உதைத்தான். வண்டி இருமிக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து உதைக்குப் பிறகு, முழங்கால் கழன்றுவிடும்போல ஆனதும் நிறுத்தினான். 105-ஐப் போட்டான். ஸ்பார்க் பிளக் நனைந்ததுதான் மிச்சம். கழற்றிய இரண்டையும் மூடியில் போட்டுவிட்டு மறுபடி 98-ஐப் போட்டான்.

முதல் உதையிலேயே ஓடியது. நூறு எண்ணுவதற்குள் இருமியது. நின்றது.

அவன் கையிலிருந்த திருப்புளியைச் சுவரில் எறிந்தான். பிறகு எழுந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

மறுபடி கிண்ணத்தைக் கழற்றினான். மறுபடி 98. இந்த முறை அதன் மேல் தனிப்பட்ட விரோதமே வந்துவிட்டது. உதட்டில் இறுக்கி வைத்து, கன்னம் உப்ப, உள்ளேயிருந்த காற்றையெல்லாம் திரட்டி ஒரே மூச்சில் ஊதினான். காற்று போனது. மூச்சு முடிந்து அவன் வாயை எடுக்கப்போன அந்த ஒரு கணத்தில், ஓட்டை வழியாகக் காற்று திரும்பி வந்தது.

மெல்லியது. வெதுவெதுப்பானது. அவன் ஊதிய அதே நீளத்துக்கு, அவசரமில்லாமல், அவன் நாக்கின் மேல் வந்து முடிந்தது.

ஜெட் கீழே விழுந்து உருண்டது. அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான். நாக்கில் பித்தளை ருசி. அதற்கு அடியில் வேறொன்று. வார்டு என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ‘காலையிலிருந்து பெட்ரோல் ஆவியை இழுத்திருக்கிறாய், தலை சுற்றுகிறது, அவ்வளவுதான்’ என்று தனக்கே அதட்டலாகச் சொல்லிக்கொண்டான். உண்மையிலேயே தலை வலித்தது. நெற்றிப் பொட்டு இரண்டிலும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது.

குனிந்து, வண்டிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து ஜெட்டை எடுத்தான். பார்க்காமல் மூடியில் போட்டிருக்கலாம். ஆனால் பதினாறு வருடப் பழக்கம், கை தானாக விளக்குக்கு நேரே தூக்கிவிட்டது.

இருட்டு. ஆனால் அழுக்கின் இருட்டு இல்லை. அழுக்குக்கு விளிம்பு இருக்கும், சொரசொரப்பு இருக்கும். இது வழவழப்பாக இருந்தது. நடுவில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு துளி பட்டு மினுங்கியது. ஈரம். எத்தனை ஆயிரம் பேருக்குக் கண்ணாடி பொருத்தியிருப்பான், இந்த ஈரத்தை அவனுக்குத் தெரியாதா? தெரியாது என்று நினைக்க முயன்றான்.

அது இமைத்தது.

அவன் கத்தவில்லை. ஜெட்டை மெதுவாக, வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல், மூடியில் வைத்தான். அதன் மேல் துணியைப் போட்டான். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். பயமாக இருந்தது. பயத்தோடு பயமாக, நாளைக்குக் காலை ஆறு மணி என்ற நினைப்பும் கூடவே நின்றது. அதுதான் அவனை அங்கேயே நிறுத்தியது.

வண்டியை விற்ற அம்மாளின் எண் போனில் இருந்தது. புருஷன் இறந்துவிட்டார், வண்டி சும்மா நிற்கிறது என்றுதான் விற்றார்கள். எப்படி இறந்தார் என்று இவன் கேட்கவில்லை, கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டான்.

“சொல்லுங்க தம்பி.”

“அக்கா, அண்ணன் இந்த வண்டிக்கு என்ன நம்பர் ஜெட் போட்டிருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா? எதைப் போட்டாலும் ஓட மாட்டேங்குது.”

அந்தப் பக்கத்திலிருந்து மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

“தம்பி, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா யாரும் வாங்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன். அவர் போனதே அந்த வண்டிகிட்டதான்.”

“ஆக்ஸிடென்ட்டா?”

“இல்ல. சாரல் அடிக்குதுன்னு ஷட்டரை இறக்கி விட்டுட்டு உள்ளேயே ட்யூன் பண்ணிட்டு இருந்தார். புகை மூச்சுல ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க.” அந்த அம்மாள் அழவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த குரலாக இருந்தது. “மூணு மாசமா இருமி இருமி நின்ன வண்டி. மனுஷன் தலையப் பிச்சுக்காத நாள் கிடையாது. அன்னைக்கு மத்தியானம் திடீர்னு சத்தம் அவ்வளவு அழகா வந்துச்சு தம்பி. ஒரே சீரா. அப்பாடா, இனிமேலாவது நிம்மதியா இருப்பார்னு நெனச்சேன். நான் மேல படுத்துத் தூங்கிட்டேன்.”

அவன் அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். மேலே அவள் எதையோ நகர்த்தினாள்.

“சாயங்காலம் ஷட்டரைத் தூக்கினப்போ வண்டி ஓடிட்டுதான் இருந்துச்சு. கார்புரேட்டரு மேசை மேல அக்கு அக்கா பிரிஞ்சு கிடந்துச்சு.”

“அக்கா, அது எப்படி? கார்புரேட்டர் இல்லாம வண்டி ஓடாது.”

“மெக்கானிக்கும் அதையேதான் சொன்னான். நான் என்னத்தைக் கண்டேன்? ஓடிட்டு இருந்துச்சு. நான் கிட்ட போனதும் நின்னுச்சு. அந்தப் பித்தளைத் துண்டு அவர் உதட்டுல இருந்துச்சு. நான்தான் விரலால எடுத்தேன். மெக்கானிக் அதையே திருப்பி மாட்டிக் குடுத்தான், அது இல்லாம விக்க முடியாதேன்னு.”

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தரையில் துப்பினான். மூன்று வாரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? கணக்குப் போட மனம் மறுத்தது.

“தம்பி, இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சத்தம் நல்லா வந்துச்சுன்னா உள்ள நிக்காதீங்க. வெளிய வந்துடுங்க.”

போனை வைத்ததும் அவன் செய்த முதல் வேலை ஷட்டரை முழுசாக மேலே தள்ளியதுதான். சாரல் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும், மேசை நனையட்டும். ஷட்டர் இறங்காதபடி ஒரு கம்பியை அது ஏறி இறங்குகிற காடிக்குள் செருகினான். இரண்டு முறை இழுத்துப் பார்த்தான், அசையவில்லை. குளிர்ந்த காற்று உள்ளே வந்ததும் தலைவலிகூடக் குறைந்தது. பிறகு துணியோடு சேர்த்து மூடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, துணியை விலக்கி, எண்ணைப் பார்த்தான். 98. ஓட்டையைப் பார்க்கவில்லை. தெரு ஓரச் சாக்கடையில் மழைத்தண்ணீர் காபி நிறத்தில் சுழித்து ஓடியது. அந்த ஜெட்டை மட்டும் எடுத்து அதில் வீசினான். பித்தளை ஒருமுறை கல்லில் பட்டு டிக் என்றது, தண்ணீருக்குள் போனது. அவன் கண்ணாலேயே பார்த்தான்.

அத்தோடு விட்டுவிட்டு மச்சானுக்குப் போன் போட்டிருக்கலாம். போனைக் கையிலும் எடுத்தான். ஆனால் சனியன்தான் போய்விட்டதே, இனி என்ன தடை? கடைசியாக ஒரே ஒரு தடவை. 102-ஐப் போட்டு உதைத்துப் பார்ப்போம், ஓடாவிட்டால் போன். அவனுக்கு அவனே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது.

வேலையை நிதானமாகச் செய்தான். மூடியிலிருந்து ஜெட்டை எடுத்தான். ஊதவில்லை. இனி எதையும் ஊதுவதாக இல்லை. திருகினான். கிண்ணத்தை மூடினான். பெட்ரோலைத் திறந்தான். உதைத்தான்.

வண்டி எழுந்தது.

இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. ஒரே சீரான, ஆழமான, எண்ணெய் தடவியதுபோன்ற சத்தம் அறையை நிரப்பியது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டான், சொன்ன பேச்சைக் கேட்டது. விட்டான், அடங்கியது. நூறு எண்ணினான். இருநூறு எண்ணினான். மூன்று வாரத்து எரிச்சல் மொத்தமும் கரைந்து கண்ணில் தண்ணீராக வந்தது. மேலே ஓடுகிற காலடி. டக் டக். அவன் சிரித்துக்கொண்டே ஹாரனை இரண்டு முறை அடித்தான். எல்லாம் சரி. மேலே அவள் கைதட்டியது மழையையும் மீறிக் கேட்டது.

அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியே போகத்தான் எழுந்தான். ஐடில், சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகம், கொஞ்சம் உயரமாக இருக்கிறது, அரைத் திருகு குறைத்தால் போதும் என்று தோன்றியது. அரைத் திருகு, அவ்வளவுதானே. ஷட்டரும் திறந்திருக்கிறது. மண்டியிட்டான். திருப்புளிக்காக மேசை மேல் கையை விட்டான்.

விரலில் டப்பா மூடி தட்டுப்பட்டது. மூடியில் ஏதோ உருண்டது.

இரண்டு ஜெட்டுகள். 105. பக்கத்தில் 102. புத்தம் புதுசு. ஓட்டையில் வெள்ளைப் புள்ளி.

அப்படியானால் உள்ளே திருகியது எது?

பின்னால் கம்பி காடியிலிருந்து கழன்று தரையில் விழுந்தது. ஷட்டர் இறங்கியது. வேகமாக இல்லை. யாரோ சாரலுக்காக இறக்குவதுபோல், நிதானமாக, கடகடவென்று. தரையைத் தொட்டது.

ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. குத்தினான். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் அவன் குத்து இன்னொரு மழைத்துளி.

சாவி. சாவியைத் திருப்பி உருவினான். ஓடியது. பெட்ரோலை மூடினான். ஓடியது. பிளக் ஒயரைப் பிடுங்கினான். ஓடியது. புகை முழங்காலுக்கு வந்திருந்தது. தலைவலி திரும்பி வந்தது, இந்த முறை கட்டைவிரல் இல்லை, முழுக் கை.

“ஏய்! கீழ வா! ஷட்டரைத் தூக்கு!”

குரல் எழும்பவே இல்லை. இருமல்தான் வந்தது. வண்டி மூன்று வாரமாக இருமிய அதே இருமல்.

ஸ்பேனரை எடுத்தான். இரண்டு நட்டு. கை வழுக்கியது. ஒன்று. இரண்டு. கார்புரேட்டரைப் பிடித்து முறுக்கி இழுத்தான். கழன்று கையோடு வந்தது. பெட்ரோல் மணிக்கட்டில் வழிந்தது. கார்புரேட்டர் கையில் இருந்தது.

வண்டி ஓடியது. ஒரே சீராக. அவ்வளவு அழகாக.

ஹாரன். நீளமாக. கீழே வா. பொத்தானில் கட்டைவிரலை வைத்து உடம்பு எடை முழுவதையும் அதன் மேல் சாய்த்தான். விரலை எடுக்கவே இல்லை. சத்தம் ஒருமுறை சின்னதாக வந்து அறுந்தது. மறுபடி சின்னதாக ஒருமுறை. அத்துடன் நின்றது.

எல்லாம் சரி.

மேலே அவள் பதிலுக்கு மறுபடி கைதட்டினாள். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. காலையிலிருந்து நின்றே இருந்தவள். நாளைக்கு நாலு மணிக்கு எழ வேண்டியவள். படுத்துவிட்டாள்.

முழங்கால் மடங்கியது. கை தானாகக் கிண்ணத்தைக் கழற்றியது. அவன் சொல்லவில்லை. திருகாணி ஒவ்வொன்றாகக் கழன்றது. பித்தளை விரலுக்கு வந்தது. விரல் உதட்டுக்கு வந்தது.

இருட்டு.

வலி இல்லை. மழை இல்லை. எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அங்கே தான் தனியாக இல்லை என்பது ஒன்றுதான் தெரிந்தது. பக்கத்தில், தோள் உரசுகிற நெருக்கத்தில், யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வெள்ளைப் புள்ளி. ஊசி முனையளவு. அவன் அதை நோக்கி நகர்ந்தான், வேறு எங்கே நகர்வது? நெருங்க நெருங்க அது வட்டமானது. கண்ணை வைத்துப் பார்த்தான்.

அந்தப் பக்கமும் ஒரு கண். அழுது அழுது ரப்பை வீங்கி, வெள்ளையெல்லாம் சிவந்த கண். அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியாதா? அவளுக்குப் பின்னால் டியூப்லைட் எரிந்தது. ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது.

“அக்கா, இந்த வண்டியே வேணாம். உனக்கு நான் வேற வண்டி பாக்கறேன்.” மச்சானின் குரல். அதில் சிரிப்பு இல்லை.

“வேணாம்டா. வேலைக்குப் போனா இதுலதான் போவேன். எனக்காக மூணு வாரம் இதோட மல்லுக்கட்டினார். கடைசில சரி பண்ணிட்டேன்னு ஹாரன் அடிச்சு சொன்னார்டா.” கண் இடுங்கியது. “இன்னும் இருட்டாத்தான் இருக்கு.”

வேண்டாம் என்று அவன் கத்தினான். கீழே போடு, தூக்கிச் சாக்கடையில் வீசு என்று, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினான். அவன் கத்தியது மெல்லிய வெதுவெதுப்பான காற்றாக ஓட்டை வழியே வெளியே போய், அவளுடைய இமை மயிரை அசைத்தது.

அவள் இமைத்தாள். ஜெட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் இதை ஊதிப் பாப்பார்” என்றாள்.

கண் விலகியது. அதன் இடத்துக்கு அவள் உதடு வந்தது. வெள்ளைப் புள்ளி மூடிக்கொண்டது. அவள் மூச்சு உள்ளே வந்தது.

பக்கத்திலிருந்தவர் அதை ஆசையோடு உள்ளே இழுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அவனுக்கும் வாய் தானாகத் திறந்தது.